செருப்பு தைத்த கை... நரம்பை வரைந்த கை!

(இரண்டாம் ஆண்டு மாணவர், மின்னியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுதணும் என்றதும் எடிசன், ஃபாரடே, டெஸ்லா என்று நம்ம துறைக்காரர்கள் பெயரைத்தான் எல்லோரும் முந்திக்கொண்டு கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டவர் மின்சாரத் துறைக்காரர் அல்ல. ஒரு டாக்டர். ஆனால் அவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து பார்த்தது ஒரு வயரிங்கைத்தான்! சாதாரண வயரிங் இல்லீங்க... கோழி, தவளை, எலி, தேனீ, மனிதன் என்று உயிருள்ளவற்றின் உடம்புக்குள் ஓடுகிற வயரிங்.

அவர் பெயர் சாண்டியாகோ ரமோன் இ காஹல். ஸ்பெயின் நாட்டுக்காரர். பெயர் நீளம் என்பதால் காஹல் என்றே வைத்துக்கொள்வோம்.

1852-ஆம் ஆண்டு மே 1 அன்று பெட்டிலா என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவர் அப்பா ஹூஸ்டோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும். ஹூஸ்டோ ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இளம் வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, முடிதிருத்துவதோடு ரண சிகிச்சையும் செய்கிற ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். (அந்தக் காலத்து ஐரோப்பாவில் சவரக்கத்தி பிடித்தவரே கட்டி கீறுவார், பல்லும் பிடுங்குவார்.) அப்புறம் பார்சிலோனா போய், வேலையும் பார்த்துப் படித்தும், கிராமத்து ரண வைத்தியரானார். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் விடாமல் படித்து முழு டாக்டராகவும் ஆனார். அடேயப்பா, என்ன பிடிவாதம்!

இப்படி வந்த மனிதருக்குப் படிப்பு தவிர மற்றதெல்லாம் வீண்வேலை. பையனை ஆடு மேய்ப்பவர்கள் விட்டுப்போன ஒரு குகைக்குக் கூட்டிப் போய், சத்தம் சந்தடி இல்லாமல் உட்கார வைத்து பிரெஞ்சு மொழி சொல்லிக் கொடுத்தார். பையனோ படம் வரைவதில் பைத்தியம். கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரைவான், சுவரில் வரைவான். பெயின்ட் வாங்கக் காசு இல்லையென்றால் சாயத் தாளை ஊறவைத்து அதிலிருந்து நிறம் எடுப்பான்.

அப்பா ஒருநாள் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். ஊர் தேவாலயத்தில் சுவருக்குப் பூச்சு வேலை பார்க்க வந்த ஒருவரிடம் பையன் வரைந்த படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். அந்த ஆள் பார்த்துவிட்டு இது படமே இல்லை, பையனுக்குக் கலை வராது என்று சொல்லிவிட்டார். தீர்ப்பு முடிந்தது! பென்சிலும் தூரிகையும் பறிமுதல். சுவர் பூசுகிறவர் சொன்னதை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதா என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு ஹூஸ்டோ மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. எங்க அப்பா கொத்தனார். எங்க வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். படிப்பில் ஒரு நாள் சறுக்கினாலும் பழைய இடத்துக்கே போய்விடுவோமோ என்கிற பயம் அந்த மாதிரி வீடுகளில் எப்போதும் இருக்கும். படம் சோறு போடுமா என்று ஹூஸ்டோ கேட்டதில் அந்தப் பயம்தான் எனக்குத் தெரிகிறது.

பையன் சும்மா இருந்தானா? மாட்டான்! பதினொரு வயதில் ஒரு மரக்கட்டையைத் துளைபோட்டுக் குடைந்து, உள்ளே தகரம் சுற்றி, வெடிமருந்து திணித்து ஒரு பீரங்கியே செய்துவிட்டான். பரிசோதனைக்குக் குறிபார்த்தது பக்கத்துத் தோட்டக்காரரின் புதுக் கதவை. கதவு தூள்! சில நாள் ஊர்ச் சிறையில் மூட்டைப்பூச்சிக் கடியோடு இருந்தான். ஜாக்கா என்ற ஊரில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். லத்தீன் மனப்பாடம் வரவில்லை என்று அடி, இருட்டறை, பட்டினி. அங்கேயும் அவன் மசியவில்லை.

கடைசியில் ஹூஸ்டோ தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தார். பையனை முதலில் முடிதிருத்தும் கடையில் எடுபிடியாக விட்டார். பிறகு செருப்பு தைக்கும் பட்டறையில் விட்டார். தண்டனையாகத்தான் விட்டார். ஆனால் பாருங்கள், தோலை அளந்து வெட்டுவதிலும் தையலிலும் பையன் வெகு சீக்கிரத்தில் தேறிவிட்டான்; முதலாளிக்கு அவனை விட மனசே இல்லை. பிற்காலத்தில் சவரக்கத்தியை வைத்து மூளையை மெல்லிய சீவலாகச் சீவின அந்தக் கை பழகினது இந்த மாதிரி இடங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நான் வாழ்க்கை வரலாற்றில் படித்துச் சொல்லவில்லை, என் அபிப்பிராயமாகச் சொல்கிறேன்.

1868 கோடையில் அப்பாவும் பிள்ளையும் ஒரு வழியாகச் சமாதானமானார்கள். எங்கே தெரியுமா? சுடுகாட்டில்! ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் வெளியே கிடந்த எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வீட்டில் வைத்து ஹூஸ்டோ எலும்பியல் பாடம் நடத்தினார். பையன் ஒவ்வொரு எலும்பையும் வரைந்தான். வரைந்ததும் அது மனதில் நின்றது. படம் வரைவது படிப்புக்கு எதிரி என்று நினைத்த அப்பாவே பிறகு பிள்ளையின் உடற்கூறு படங்களைப் பெருமையாக எடுத்துவைத்துக்கொண்டார். 

1873-ல் சரகோசாவில் மருத்துவப் பட்டம். உடனே ராணுவ சேவை. 1874-ல் கியூபாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அப்போது ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. சதுப்புக் காட்டில் ஒரு மருத்துவ முகாம். சுட்ட குண்டில் செத்தவர்களைவிடக் கொசுக்கடியில் செத்தவர்கள் அதிகம். காஹலுக்கும் மலேரியா, அதோடு வயிற்றுப்போக்கு. அடுத்த வருடமே எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். 1878-ல் காசநோயும் வந்து, நுரையீரலில் ரத்தம் கண்டு, பிழைத்ததே பெரிய விஷயம்.

இந்த இரண்டு சீக்குக்கும் நடுவில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. மேல்பட்டத் தேர்வுக்கு மாட்ரிட் போன இடத்தில் மைக்ராஸ்கோப் வழியாகத் திசுக்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் தவணை முறையில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். வீட்டில் பரண் மாதிரி ஒரு அறைதான் லேப். முதல் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் படம் அச்சடிக்கக் காசில்லாததால் லித்தோ கல்லில் செதுக்கி அச்சடிக்கும் வேலையைத் தானே கற்றுக்கொண்டு தானே போட்டார். புகைப்படத் தகடும் தானே தயாரிப்பார். 1879-ல் சில்வேரியா அம்மையாரை மணந்தார். ஏழு பிள்ளைகள். ஒரு வாத்தியார் சம்பளத்தில் ஏழு பிள்ளையையும் வளர்த்து, கணவரின் ரசாயனச் செலவுக்கும் அந்த அம்மா மிச்சம் பிடித்தார்கள். இவர்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதாதது எனக்கு வருத்தம்.

1885-ல் காலரா பரவியபோது காஹல் செய்த ஆய்வுக்கு நன்றியாக, சரகோசா மாகாண நிர்வாகம் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தது. பொன்னாடையோ கேடயமோ அல்ல. ஒரு புத்தம்புது ஜெய்ஸ் மைக்ராஸ்கோப்! பரிசு என்றால் இப்படியல்லவா இருக்கணும்?

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம். அன்றைக்கு விஞ்ஞானிகளுக்கு இருந்த தலைவலி என்ன?

உடம்பு முழுக்க செல்லால் ஆனது என்று 1830-களிலேயே தெரிந்துவிட்டது. தோல், தசை, ரத்தம் எல்லாம் தனித்தனி செல்கள். ஆனால் மூளைக்குள் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற சிக்கு. சாயம் போட்டால் அத்தனையும் சாயம் ஏறி ஒரே அப்பல். சாயம் போடாவிட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் பெரும்பாலான அறிஞர்கள், நரம்பு மட்டும் செல்களுக்கு விதிவிலக்கு, அது ஒரே தொடர்ச்சியான வலை என்றார்கள். தண்ணீர்க் குழாய் எல்லாம் ஒன்றோடொன்று ஜாயின்ட் ஆகி ஊர் முழுக்க ஓடுகிற மாதிரி.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் இத்தாலியின் கமில்லோ கோல்கி. பள்ளியில் செல் படம் போடும்போது, தட்டுத்தட்டாக அடுக்கின மாதிரி ஒரு பாகத்துக்கு ‘கோல்கை’ என்று பெயர் எழுதினோமே... அதே ஆள்தான்! 1873-ல் ஒரு மருத்துவமனையின் சமையலறையை லேபாக மாற்றி வைத்துக்கொண்டு ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போடுவது. சில்வர் நைட்ரேட் நமக்கும் பழக்கம்தான். கெமிஸ்ட்ரி லேபில் விரலைக் கருப்பாக்குமே, ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிற மையிலும் இருக்குமே, அதே சங்கதி. இந்த முறையில் ஒரு அதிசயம் உண்டு. நூறு செல் இருந்தால் அதில் ஏதோ சில செல்தான் கருப்பாகும். மற்றதெல்லாம் கண்ணாடி போல நின்றுவிடும். ஏன் இந்தச் செல் மட்டும் கருத்தது என்பதற்கு இன்றைக்கும் முழு விளக்கம் கிடையாது. ஆனால் கருத்த செல், வேர் முதல் நுனி வரைக்கும் மைபோட்டு வரைந்த மாதிரி தனியாகத் தெரியும்!

இவ்வளவு அருமையான முறையைக் கண்டுபிடித்த கோல்கிக்கே அதில் தெரிந்தது வலைதான். தலைவிதியைப் பாருங்கள்!

1887-ல் மாட்ரிட்டில் சிமாரோ என்ற டாக்டர் வீட்டில் காஹல் இந்த வெள்ளிச் சாயம் ஏற்றின மூளைச் சீவலை முதன்முதலில் பார்த்தார். அதே வருடம் பார்சிலோனாவில் பேராசிரியர் வேலை. அங்கே போனதும் மனிதர் வேலையில் குதித்துவிட்டார். கோல்கி முறை ஒரு தடவை வரும், பத்து தடவை வராது. காஹல் வெள்ளிக் குளியலை இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார், நன்றாக வந்தது. அதைவிடப் பெரிய யோசனை இன்னொன்று. வளர்ந்த மனிதனின் மூளையை விட்டுவிட்டு, முட்டைக்குள் இருக்கிற குஞ்சு, புதிதாகப் பிறந்த சின்னப் பிராணிகள் இவற்றின் மூளையை எடுத்தார்.

ஏன்? நரம்பு வளர வளர அதன்மேல் கொழுப்பு உறை படியும். உறை படிந்துவிட்டால் வெள்ளி உள்ளே ஏறாது. எங்க அப்பாவோடு சைட்டுக்குப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டு வயரிங் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கணும்னா பூச்சு வேலைக்கு முன்னாடி பார்த்துவிடணும். பூசி முடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு சுவரைத் தட்டித் தட்டித் தேடக்கூடாது. காஹல் செய்ததும் இதுவேதான்.

1888 மே மாதம் முடிவு வெளியானது. பறவைகளின் சிறுமூளை. காஹல் கண்டது என்ன? ஒரு செல்லின் நீண்ட இழை, அடுத்த செல்லைச் சுற்றிக் கூடை பின்னின மாதிரி பின்னிக்கொண்டு... அங்கேயே முடிந்துவிடுகிறது! உள்ளே கலக்கவில்லை. தொட்டும் தொடாமலும் நிற்கிறது. வலை கிடையாது. ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனி ஆள். அந்தச் செல்களின் கிளைகளில் நுணுக்கமான முள் முள்ளாக இருப்பதையும் அவர்தான் முதலில் கண்டு வரைந்தார். அது சாயம் போடும்போது வந்த கசடு என்று பலர் தள்ளிவிட்டார்கள். கோல்கியும்தான். காஹல் வேறு சாயத்தில் போட்டுக் காட்டினார், அப்போதும் முள் இருந்தது. (நரம்புச் செய்தி வந்து இறங்குகிற இடமே அந்த முட்கள்தான் என்று 1959-ல் உறுதியானது.)

நரம்பு தனித்தனி செல்லாக இருக்கலாம் என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹிஸ், ஃபோரெல் என்ற இருவர் ஏற்கெனவே ஊகம் சொல்லியிருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடணும். ஊகத்தைக் கண்ணால் காட்டியவர் காஹல்.

ஆனால் யார் பார்க்கிறார்கள்? அன்றைக்கு விஞ்ஞானம் நடந்தது ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். ஸ்பானிஷ் மொழியில் ஒரு கண்டுபிடிப்பு வரும் என்று எவரும் நினைக்கவே இல்லை. காஹல் சொந்தக் காசில் ஒரு பத்திரிகையே தொடங்கினார். அச்சடித்தது 60 பிரதிகள். பெரும்பாலும் வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். கடல்ல கல் போட்ட மாதிரி, பெரிதாகச் சத்தமே இல்லை.

1889 அக்டோபரில் சேர்த்து வைத்த காசை எல்லாம் எடுத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்பையும் கண்ணாடிச் சீவல்களையும் பெட்டியில் கட்டிக்கொண்டு பெர்லினுக்கு ரயில் ஏறினார். ஜெர்மன் உடற்கூறு சங்கத்தின் மாநாடு. ஜெர்மன் பேச வராது. பிரெஞ்சும் திக்கித் திக்கித்தான். அப்பா குகையில் வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே பிரெஞ்சு! மேஜை மேல் மைக்ராஸ்கோப்பை வைத்துவிட்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். முதலில் அலட்சியமாக வந்தார்கள். கண்ணை வைத்த பிறகு முகம் மாறியது. அந்தத் துறையின் மூத்தவர், 72 வயது கோலிக்கர், காஹலின் கையைப் பிடித்துத் தன் வண்டியிலேயே கூட்டிப்போய் மற்றவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். காஹலைப் படிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். வைவா தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து வார்த்தை வராமல் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அதனால் இந்தப் பெர்லின் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1891-ல் வால்டேயர் என்ற ஜெர்மானியர் நரம்புச் செல்லுக்கு ‘நியூரான்’ என்று பெயர் வைத்தார். அதே காலத்தில் காஹல் இன்னொன்றும் சொன்னார். நியூரானில் செய்தி ஒரே திசையில்தான் ஓடும். கிளைகள் வழியாக உள்ளே வரும், நீண்ட இழை வழியாக வெளியே போகும். நம்ம டயோடு மாதிரி! இதனால் என்ன லாபம்? ஒரு நியூரானின் வடிவத்தைப் பார்த்தாலே கரன்ட் எந்தப் பக்கம் போகுதுன்னு அம்புக்குறி போட்டுவிடலாம். காஹலின் படங்களில் அந்த அம்புக்குறிகள் இருக்கும். நாம் போடுகிற சர்க்யூட் டயகிராமை அப்படியே உரித்து வைத்த மாதிரி. (சில இடங்களில் விதிவிலக்கு உண்டு என்று பிறகு தெரிந்தது, அது வேறு.)

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். ஒரு கோழிக்குஞ்சில் பார்த்தது எல்லாப் பிராணிக்கும் பொருந்துமா என்ற கேள்வி அவரை விடவில்லை. மீன், தவளை, பல்லி, பறவை, எலி, முயல், நாய், மனிதன் என்று வரிசையாக எடுத்துச் சீவினார். கண்ணின் விழித்திரை, மூக்கு, தண்டுவடம், பெருமூளை... ஒன்றையும் விடவில்லை. 1894-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அழைத்துச் சொற்பொழிவு கேட்டது. அந்தக் காலத்தில் அவர் போட்ட ஒரு படம் மிகவும் பேர்பெற்றது. மேலே, பெருமூளையின் ஒரே வகைச் செல் தவளையிலிருந்து மனிதன் வரை எப்படி மாறுகிறது என்ற வரிசை. தவளையில் கிளை கொஞ்சம். மேலே போகப் போகக் கிளை விரிந்துகொண்டே வரும். கீழே, அதே செல் கருவுக்குள் நாளுக்கு நாள் வளர்கிற வரிசை. இனங்களின் நீண்ட கதையும் ஒரு குழந்தையின் சில மாதக் கதையும் ஒரே தாளில்! நான் அந்தப் படத்தை நூலகத்தில் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பிராணிகளில் நரம்பு எப்படி எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போமா? கடல் பஞ்சுக்கு நரம்பே கிடையாது. குளத்தில் இருக்கிற ஹைட்ராவுக்கு மூளை இல்லை, உடம்பு முழுக்கச் சல்லடை மாதிரி நரம்புச் செல்கள் பரவியிருக்கும். எங்கே குத்தினாலும் மொத்த உடம்பும் சுருங்கும். மண்புழுவுக்கு வந்தால் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சேர ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முடிச்சு, தலைப்பக்கம் கொஞ்சம் பெரிய முடிச்சு. ஏன் தலைப்பக்கம்? முன்னால் ஊர்ந்து போகிற பிராணிக்குச் செய்தி முதலில் வருவது முன்பக்கம்தானே! பூச்சிக்கும் புழுவுக்கும் இந்த மெயின் லைன் வயிற்றுப் பக்கம் ஓடும். மீன் முதல் நம் வரைக்கும் முதுகுப் பக்கம் ஓடும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு உருளைப்புழுவுக்கு 302 நியூரான். ஒரு பழ ஈயின் மூளையை 2024-ல் முழுசாக வரைபடம் போட்டு எண்ணினார்கள், 1,39,255. தேனீக்குச் சுமார் பத்து லட்சம். ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி, அதில் பெரும்பங்கு கைகளில்! நமக்குச் சுமார் 8,600 கோடி.

எண்ணிக்கை இப்படி மலையும் மடுவுமாக இருந்தாலும் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கிற பாகம் ஏறக்குறைய ஒன்றுதான். கிளை உள்ள ஒரு செல், ஒரு நீண்ட இழை, நுனியில் ஒரு இடைவெளி. ரேடியோவிலும் ராக்கெட்டிலும் அதே டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் இருக்கிற மாதிரி. வேறுபடுவது எத்தனை போட்டிருக்கிறார்கள், எதோடு எதை இணைத்திருக்கிறார்கள் என்பது. புழுவும் நாமும் ஒரே உதிரிபாகக் கடையில் வாங்கின சரக்கு!

இதில் மனிதன்தான் உச்சி என்ற எண்ணம் காஹலுக்கும் இருந்தது. அதை உடைத்தது ஈயும் தேனீயும். தன் அறுபதுகளில் டொமிங்கோ சாஞ்செஸ் என்பவரோடு சேர்ந்து பூச்சிகளின் கண்ணையும் அதன் பின்னால் இருக்கிற நரம்பு முடிச்சுகளையும் ஆராய்ந்து 1915-ல் வெளியிட்டார். சின்னப் பிராணி, எளிமையாக இருக்கும் என்று போனவருக்கு அதிர்ச்சி. நம் விழித்திரையைவிட நுட்பமான, சிக்கலான வேலைப்பாடு அங்கே இருந்தது. குண்டூசித் தலை அளவு இடத்தில்! ஆனாலும் அடுக்கடுக்காகச் செல்கள் நிற்கிற முறையில் நம் கண்ணுக்கும் அதற்கும் ஒற்றுமையும் இருந்தது. 1917-ல் கணவாய் போன்ற கடல் பிராணிகளின் கண்ணையும் விட்டுவைக்கவில்லை. இதற்குப் பிறகு, பரிணாமம் என்பது தவளை கீழ்ப்படி, மனிதன் மேல்படி என்று போகிற ஏணி என்று சொல்வது கஷ்டம். கிளைவிட்ட மரம் அது. பூச்சி அதன் கிளையில் தன் பாட்டுக்கு உயரமாக வளர்ந்திருக்கிறது.

நோபல் பரிசுக் கதையைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். 1906-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் காஹல். இன்னொருவர்... கோல்கி! 1889-ல் பெர்லினிலிருந்து திரும்பும் வழியில் காஹல் அவரைப் பார்க்கப் போயிருந்தார், கோல்கி ஊரில் இல்லை. ஆக, இருவரும் நேருக்கு நேர் சந்தித்தது ஸ்டாக்ஹோம் மேடையில்தான். டிசம்பர் 11 அன்று கோல்கி பேசினார். பேச்சு முழுக்க நியூரான் கொள்கையைத் தாக்கினார். மறுநாள் காஹல் பேசினார். தான் கண்டதைப் படம் போட்டுக் காட்டினார், வெள்ளிச் சாயம் கோல்கியுடையது என்பதையும் மறைக்கவில்லை. ஒரே சீவலைப் பார்த்த இரண்டு பேர், ஒரே பரிசு, நேர் எதிரான இரண்டு முடிவு. கோல்கியை நாம் கேலி செய்யத் தேவையில்லை. அவர் செய்த கருவி இல்லாமல் காஹல் இல்லை. ஆனால் தன் கருவி காட்டியதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

காஹல் வரைந்த படங்கள் சுமார் மூவாயிரம். பல நேரம் காலையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், பிற்பகலில் மனதில் பதிந்ததை வரைவார், பிறகு மறுபடி வைத்துச் சரிபார்ப்பார். பத்துச் சீவலில் பார்த்ததை ஒரே படத்தில் சேர்த்து வரைவதும் உண்டு. மினி டிராஃப்டரை வைத்துக்கொண்டு ஐசோமெட்ரிக் வியூ போடத் திணறுகிற நமக்கு அதன் அருமை தெரியும். கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒரு திட உருவத்தை மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்கணும்! அவருடைய சேகரிப்பை 2017-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கலை வராது என்று அன்றைக்குத் தீர்ப்புச் சொன்ன பூச்சு வேலைக்காரர் இதைப் பார்த்திருக்கணும்.

வலைக் கொள்கை செத்துவிட்டதா என்றால், அதுவும் விடாமல் மறுபடி மறுபடி தலைதூக்கியது. அதனால் 1933-ல், 81 வயதில், காது மந்தம், உடம்பு தள்ளாட்டம் எல்லாவற்றோடும் நியூரானா வலையா என்று இன்னொரு முறை சான்றுகளை எல்லாம் தொகுத்து வெளியிட்டார். 1934 அக்டோபர் 17 அன்று மாட்ரிட்டில் காலமானார். இரண்டு நியூரானுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை அவர் தன் கண்ணால் பார்க்கவே இல்லை. சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு எட்டாத அளவு அது. 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான் தெரிந்தது, இடைவெளி சுமார் 20 நானோமீட்டர்.

கோல்கிக்கும் ஒரு சின்ன ஆறுதல் இருக்கு நண்பர்களே. 1959-ல் நன்னீர் இறால் வகை ஒன்றில், இடைவெளியைத் தாண்டாமல் செல்லிலிருந்து செல்லுக்கு மின்சாரம் நேராகப் பாய்கிற இணைப்புகள் இருப்பது தெரிந்தது. அவற்றிலும் செல்கள் தனித்தனியாகத்தான் இருந்தன, நடுவில் நுண்ணிய துவாரங்கள் மட்டும். பெரிய ஆச்சரியம் 2023-ல் வந்தது. சீப்பு ஜெல்லி என்று ஒரு கடல் பிராணி. உண்மையான ஜெல்லி மீன் அல்ல. பிராணிகளின் மரத்தில் மிக மிக முன்னாலேயே பிரிந்துபோன கிளை. நரம்பு மண்டலம் இதற்குத் தனியாகவே தோன்றியிருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், விவாதம் ஓய்ந்தபாடில்லை. அதன் இளம்பருவத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் பார்த்தபோது, தோலுக்கடியில் இருக்கிற நரம்புச் சல்லடையில் இடைவெளியையே காணோம். செல்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே உறைக்குள் ஓடின. கோல்கி மனிதனில் தேடிய அந்த வலை! ஆனால் அதே பிராணியில், அந்த வலை மற்ற செல்களுக்குச் செய்தி கொடுக்கிற இடத்தில் காஹலின் இடைவெளியும் இருந்தது.